12 டன்னா, 16 டன்னா? கோபி மொத்த வியாபாரிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. கோபிசெட்டிபாளையத்தில் மளிகை மொத்த விநியோகம் செய்கிறேன். எண்ணெய் டின், சோப்பு, பிஸ்கட், உப்பு, மசாலா என்று ஏறத்தாழ 400 கடைகளுக்குச் சரக்கு போகிறது. சொந்தமாக ஒரு பழைய டாடா 407 சிறு லாரி இருக்கிறது. மற்றதெல்லாம் வாடகை வண்டி. சத்தியமங்கலம் – தாளவாடி, அந்தியூர் – பவானி, கவுந்தப்பாடி – பெருந்துறை என்று மூன்று தடங்கள். ஒரு நடைக்கு 28 கடை, நான்கு ஐந்து டன். தீபாவளிக்கு முன்பு ஏழு டன்னும் ஏறும். மாதம் இரண்டு முறை காங்கேயத்திலிருந்து தேங்காய் எண்ணெய் ஏற்றி வருகிறோம். இப்போது ஒரு நடுத்தர லாரி வாங்க நினைக்கிறேன். ஷோரூமில் 16 டன், 22 அடி வண்டியைக் காட்டி, "ஐந்து லட்சம்தான் கூடுதல், நாளைக்குத் தொழில் வளர்ந்தால் உதவும்" என்கிறார்கள். என் மைத்துனர், 2019 மாடல் பழைய வண்டி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, அதை எடு என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

அன்புள்ள கோபி வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் டன் இருக்கிறது, அடி இருக்கிறது, லட்சம் இருக்கிறது. மணிக்கணக்கு மட்டும் இல்லை. விநியோக வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடும் லாரி ஓடி ஓடிச் சம்பாதிக்கும். உங்கள் வண்டி பாதி நாள் கடை வாசலில் நின்றுகொண்டுதான் சம்பாதிக்கப் போகிறது.

ஒரு கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டுகிறார். பில்லைத் தேடி எடுக்கிறார்கள். பெட்டிகளை எண்ணி இறக்குகிறார்கள். கடைக்காரர் அரைக் கிலோ பருப்பு கேட்டு வந்த பாட்டியை அனுப்பிவிட்டுத்தான் உங்கள் ஆளைத் திரும்பிப் பார்ப்பார். பிறகு பணம், கையெழுத்து, போன வாரத்து உடைந்த பாக்கெட்டுக்கு வழக்கு. பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. 28 கடைக்கு 336 நிமிடம். ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். தாளவாடித் தடம் போக வர ஏறத்தாழ 150 கிலோமீட்டர், நடுவில் திம்பம் மலைப்பாதை. ஓட்டத்துக்கு மட்டும் ஐந்து மணி நேரம் வையுங்கள். சாப்பாடு, தேநீர், பண்ணாரிச் சோதனைச் சாவடி எல்லாம் சேர்த்தால் பதினொன்றரை மணி நேரம் போய்விட்டது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மாலை ஆறு முதல் காலை ஆறு வரை அந்தப் பாதையில் சரக்கு வண்டிக்கு வழியில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மணிக்குள் இறங்காவிட்டால் ஓட்டுநருக்கு மலையில்தான் படுக்கை.

இந்தக் கணக்கோடு 16 டன் வண்டியைப் பாருங்கள். 16 டன் என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை; அதில் சுமார் பத்து டன் சரக்கு ஏற்றலாம். உங்கள் கடைகளின் சராசரிப்படி, பத்து டன் என்றால் 56 கடை. நிற்கும் நேரம் மட்டும் 11 மணி 12 நிமிடம். ஆக, அந்த வண்டியை நீங்கள் ஒருநாளும் நிரப்பப் போவதில்லை. பாதி காலியாக ஓடும் வண்டிக்கு முழுத் தவணை கட்டுவீர்கள். தொழில் வளர்ந்தால் என்ன செய்வது என்கிறீர்களா? வளர்ந்தால் உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது வண்டியும் இரண்டாவது ஓட்டுநரும். ஏனென்றால் ஒரு வண்டி இரண்டு தெருவில் நிற்க முடியாது.

எனவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் பதினைந்து நாள் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாடகை வண்டியோடு உங்கள் ஆள் ஒருவரை அனுப்பி, கிளம்பிய நேரம், ஒவ்வொரு கடையிலும் நின்ற நிமிடம், இறங்கிய எடை, திரும்பிய நேரம், கிலோமீட்டர், எந்தத் தெருவில் வண்டி நுழையவில்லை என்பதை எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் வேண்டாம், காகிதத்தில். அந்த நோட்டை விரித்துப் பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். என் பன்னிரண்டு நிமிடக் கணக்கு தப்பாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அப்போது உங்கள் எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது எடைக் கோடுகள். ஷோரூமில் குதிரைத்திறன் பேசுவார்கள். வண்டியின் பெயரிலேயே பெரும்பாலும் அது இருக்கிறது: 1109 என்றால் ஏறத்தாழ 11 டன் மொத்த எடை, 90 குதிரைத்திறன், 1215 என்றால் 12 டன், 150. உங்கள் செலவைத் தீர்மானிக்கப் போவது குதிரைத்திறன் இல்லை, 7,500 கிலோ, 12,000 கிலோ என்ற இரண்டு கோடுகள். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடைக்கான கோடுகள் இவை. 7,490 கிலோ, 11,990 கிலோ என்று விவரத்தாளில் விநோதமான எண்களைப் பார்த்திருப்பீர்கள். கோட்டைத் தொடாமல் நிற்பதற்காகவே கம்பெனிகள் அப்படிச் செய்கின்றன.

7,500 கிலோ வரை இலகு ரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. அதைத் தாண்டினால் கனரக வாகன உரிமம் உள்ளவர் வேண்டும். உங்கள் 407-ஐ ஓட்டுபவரிடம் எந்த உரிமம் இருக்கிறது என்று இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். "பத்து வருஷமாக ஓட்டுகிறான்" என்பது விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக் கம்பெனியிடம் செல்லாது.

மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இதே கோடுகள்தான். 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி 7,500 கிலோ வரை ஆண்டுக்கு 16,049 ரூபாய். 12,000 வரை 27,186. 20,000 வரை 35,313. வரி தனி. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தில் வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின் அடிப்படை விலையே கிலோமீட்டருக்கு 12 டன்னுக்குள் நிற்கும் இலகு சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 5 காசு, 12 டன்னைத் தாண்டிய இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 காசு. இன்றைய கட்டணம் அதைவிட எவ்வளவோ ஏறிவிட்டாலும், இருமடங்கு என்ற அந்த விகிதம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மூன்று தடங்களில் சுங்கம் பெரிதாக வராது. ஆனால் நாளைக்கே கோயம்புத்தூர்க் கிடங்கிலிருந்து சரக்கு எடுக்க ஆரம்பித்தால், விஜயமங்கலம் சாவடியில் ஒவ்வொரு முறையும் இது கண்ணில் படும்.

ஆகவே என் பரிந்துரை 12 டன் கோட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள வண்டி. பாடி கட்டி முடித்தபின் வெறும் வண்டி ஐந்து டன்னை ஒட்டி நின்றால், ஏழு டன் ஏற்ற இடம் இருக்கும். உங்கள் தீபாவளிச் சரக்கே ஏழு டன்தான். அதற்கு மேல் வந்தால் இரண்டு நடை அடியுங்கள், அல்லது அந்தப் பத்து நாளைக்கு மட்டும் வாடகை வண்டி வையுங்கள். ஆண்டில் பத்து நாளுக்காக மீதி 355 நாளும் பெரிய வண்டியை வளர்ப்பது, அமாவாசை விருந்துக்காக அண்டா வாங்கி அதிலேயே தினமும் ரசம் வைப்பது போல. "எட்டு டன் ஏற்றினால் என்ன ஆகிவிடும்" என்றும் யாராவது சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. கூடுதல் சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகரும். நடுவழியில் இறக்கிய எண்ணெய் டின்னுக்கு யார் காவல் இருப்பது?

இனி பாடியின் நீளம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நீளமான வண்டியில் நிறைய ஏறும் என்று நினைப்பு. உங்கள் சரக்கில் இரண்டு சாதி உண்டு. 15 கிலோ எண்ணெய் டின் சுமார் ஒன்பது அங்குலச் சதுரம். டின்னோடு 16 கிலோ என்று வையுங்கள். 17 அடி நீளம், 7 அடி அகலத் தளத்தில் நீளவாக்கில் 22, அகலவாக்கில் 9, ஆக 198 டின் ஒரு வரிசை. மேலே இன்னொரு வரிசை அடுக்கினால் 396 டின், 6,336 கிலோ. வண்டி தாங்கும் ஏழு டன் ஏறத்தாழ முடிந்துவிட்டது. உயரம் இன்னும் ஆள் தொடையைத் தாண்டவில்லை! மேலே இருக்கும் காற்றுக்கும் சேர்த்துத்தான் பாடி கட்டியிருக்கிறீர்கள். பிஸ்கட்டுக்கு இது தலைகீழ். கூரை வரை அடுக்கினாலும் எடைமேடையில் முள் அசையாது. இரண்டையும் கலந்து ஏற்றும் உங்களைப் போன்றவருக்கு 17 அடி சரியாக இருக்கும். பிஸ்கட், சிப்ஸ் மட்டுமே விற்பவர் கேட்டிருந்தால் 20 அடி என்று சொல்லியிருப்பேன். 22 அடி வேண்டாம்.

வேண்டாம் என்பதற்குச் சொந்த அனுபவமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் வண்டிப் பராமரிப்பு மேலாளராக இருந்த இடத்தில், நானே பிடிவாதம் பிடித்து நீளமான, உயரமான கண்டெய்னர் பாடி ஒன்றைக் கட்டவைத்தேன். காகிதத்தில் கன அடிக் கணக்கு பிரமாதமாக இருந்தது. முதல் வாரமே ஒரு கடைத்தெருவில் கேபிள் வயர்கள் மேலே மாட்டிக்கொண்டன. சுமைதூக்குபவர் மூங்கில் கழியால் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்து போன காட்சி இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பின் அந்த வண்டியில் ஒரு கழி நிரந்தரமாக இருந்தது. ஒரு திருப்பத்தில் பின்பக்கம் வெளியே வீசி ஒரு டீக்கடைப் பந்தல் காலைச் சாய்த்ததும் அதே வண்டிதான். குற்றம் ஓட்டுநருடையது இல்லை, என்னுடையது.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டியின் மூக்கு எங்கே போகிறது என்று ஓட்டுநர் பார்க்கிறார். வால் எங்கே வீசுகிறது என்று எதிரே வரும் பஸ்காரர்தான் பார்க்கிறார். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி, முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த எல்லை வரைக்கும் இழுத்துக் கட்டித் தருகிறேன் என்பார் பாடி கட்டுபவர். இணங்காதீர்கள். ஒரே மாடலிலேயே இரண்டு மூன்று அச்சு இடைவெளிகளில் வண்டி வரும். குட்டையானதைக் கேளுங்கள், திரும்பும் வட்டத்தின் அளவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடியைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். விநியோக வண்டியில் சரக்கு பின்கதவு வழியாகத்தான் இறங்குகிறது. காலையில் சமமாக ஏற்றிய வண்டியில், மதியத்துக்குள் பின்பாதி காலியாகி, மிச்சச் சரக்கு முழுவதும் கேபினை ஒட்டி நிற்கும். மொத்த எடை குறைந்திருக்கும். ஆனால் முன் அச்சு காலையில் தாங்கியதைவிட அதிகமாகத் தாங்கிக்கொண்டிருக்கும். முன் டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது, ஸ்டியரிங் ஏன் கனக்கிறது என்று ஆறு மாதம் கழித்து மெக்கானிக்கிடம் கேட்பீர்கள். இதற்கு மருந்து, இடது பக்கத்தில் நடுவே ஒரு கதவு. கடை இருக்கும் பக்கமும் அதுதான் என்பதால் சுமைதூக்குபவர் போக்குவரத்துக்கு நடுவே நிற்க வேண்டாம். எண்ணெய் டின்களை முன் சுவரை ஒட்டி அடுக்காமல் அச்சுகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று தளத்தின் உயரம். 16 அங்குல டயர் உள்ள வண்டியின் தளம் ஏறக்குறைய மார்பளவில் நிற்கும். 20 அங்குல டயர் என்றால் தோளுக்கு வந்துவிடும். ஒருநாளைக்கு முந்நூறு பெட்டி இறக்கும் ஆளின் முதுகுக்கு இது பெரிய வித்தியாசம். உங்கள் சுமைதூக்குபவரை ஷோரூமுக்கே அழைத்துப் போங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பாடி கட்ட நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் உங்களுக்குப் பக்கம்தான். கைதேர்ந்தவர்கள். விலை பேசும்போதே பாடியின் எடையையும் பேசி எழுதி வாங்குங்கள். இரும்பை அள்ளிப் போட்டுக் கட்டினால் "உறுதி" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த உறுதியில் கூடும் 400 கிலோவும் உங்கள் சரக்கிலிருந்து போகிறது. ஒவ்வொரு நடையும் 25 எண்ணெய் டின். பாடி முடிந்ததும், பதிவுக்குப் போகும் முன், உங்கள் செலவில் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வையுங்கள்.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாடா, அசோக் லேலண்ட், ஐஷர், பாரத்பென்ஸ், மஹிந்திரா எல்லாரிடமும் இந்த எடையில் வண்டி இருக்கிறது. எதுவும் மலை ஏறாமல் நின்றுவிடாது. நீங்கள் பயப்பட வேண்டியது புகைபோக்கிப் பக்கத்தை. 2020 ஏப்ரல் முதல் புது வண்டிக்கு பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிதான். புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் தெளிக்கும் அமைப்பு இருக்கும். பல வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கும். அந்த வடிகட்டி நன்றாகச் சூடேறினால்தான் பிடித்த கரியைத் தானே எரித்துச் சுத்தமாகும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது தெரியாமலே நடந்துவிடும். நூறு மீட்டருக்கு ஒரு கடையில் நிற்கும் வண்டிக்கு நடக்காது. ஒருநாள் டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஓட்டுநர் அதை மதிக்கமாட்டார், அடுத்த வாரம் வண்டி இழுக்காது. எனவே இரண்டு கேள்வி கேளுங்கள்: நின்றபடியே அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்யும் பொத்தான் இருக்கிறதா, அதை உங்கள் ஓட்டுநருக்கு யார் சொல்லித் தருவார்கள்? யூரியா திரவம் தீர்ந்தால் வண்டியே தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். அந்தத் திரவத்தைப் பழைய டீசல் கேனில் ஊற்றி வைத்துக் கெடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறிய அழுக்குக்கும் அந்த அமைப்பு பொறுக்காது; பழுதுச் செலவும் பெரிது.

அதனால்தான் பிராண்டைவிட ஒர்க்‌ஷாப்பின் தூரத்தைப் பார் என்கிறேன். கோபியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் சர்வீஸ் நிலையம் எது? கிளட்ச் தட்டு, புகையை அளக்கும் நாக்ஸ் சென்சார், யூரியா பம்ப் இந்த மூன்றின் விலையையும் கையிருப்பையும் கவுன்டரில் நேரில் கேளுங்கள். ஷோரூம் வாசலில் கேட்காதீர்கள். உதிரிபாகக் கவுன்டரில் கேளுங்கள். அங்கே பொய் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

சி.என்.ஜி. வண்டியும் காட்டியிருப்பார்கள். சிலிண்டர்களின் எடை உங்கள் சரக்கு எடையிலிருந்து கழியும், தாளவாடியில் நிரப்ப வழியில்லை. சமவெளித் தடங்களுக்கு மட்டும் இன்னொரு வண்டி வாங்கும்போது யோசிக்கலாம்.

பணத்துக்கு வருவோம். "இந்த வண்டி லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகத் தரும்" என்பதுதான் விற்பனைப் பேச்சின் உயிர்நாடி. உங்கள் ஓட்டம் மாதம் 2,600 கிலோமீட்டர் அளவில் இருக்கும். லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்றால் 371 லிட்டர். 8 என்றால் 325. டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 4,270 ரூபாய் மிச்சம். இப்போது அந்த "ஐந்து லட்சம்தான்" என்பதைப் பாருங்கள்: 10 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக் கடன் என்றால் தவணை மாதம் சுமார் 12,680 கூடுகிறது. மாதம் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடுபவருக்கு மைலேஜ்தான் தெய்வம். உங்களுக்கு இல்லை. உங்களுக்குத் தெய்வம் தவணை. அதற்கு அடுத்தது, வண்டி நிற்காமல் வேலைக்கு வரும் நாட்களின் எண்ணிக்கை.

2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. நீங்கள் வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவில் இருந்தால், சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. எடுத்துக்கொண்ட வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானமும் சேர்த்துக் கேட்காதீர்கள். உங்கள் கணக்காளருக்கு இது தெரிந்திருக்கும். ஷோரூம் பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே பாருங்கள்.

மைத்துனர் சொன்ன 2019 வண்டி. அவருக்கு மனம் நோகாமல் பதில் சொல்ல வழி தருகிறேன். அது பி.எஸ்.4; யூரியா, வடிகட்டித் தொல்லைகள் குறைவு, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். அதுவரை அவர் சொல்வது நியாயம். ஆனால் சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று; அதற்குப் பின் ஆண்டுதோறும். 2027-இல் அந்த வண்டி அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பெயின்ட், டிங்கரிங், சில நாள் நிறுத்தம். ஒரே ஒரு பெரிய வண்டியை நம்பித் தொழில் செய்யும்போது அந்த நாட்களுக்கு மாற்று என்ன?

இருந்தாலும் போய்ப் பாருங்கள், கற்றுக்கொள்ளலாம். வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களுக்கு அருகே சேஸிஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை செருகியிருந்தால், அந்த வண்டி வாழ்நாள் முழுக்க என்ன சுமந்தது என்று அதுவே சொல்லிவிடும். உரிமையாளர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா, அபராதங்கள் நிலுவையில் உள்ளனவா என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

புதிய வண்டியைச் சோதிக்கும் முறை வேறு. ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் காலி வண்டியை ஓட்டுவது சோதனை ஆகாது, அது ஊர்வலம். டெமோ வண்டியை ஒருநாள் கேளுங்கள். ஆறரை டன் ஏற்றி, உங்கள் ஓட்டுநரையே அமர்த்தி, தாளவாடிக்கு அனுப்புங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். கிளம்பும் முன் டேங்கை வாய்வரை நிரப்பி, திரும்பியதும் அதே பங்கில் அதே குழாயில் மறுபடி நிரப்பினால் உண்மையான மைலேஜ் தெரியும். ஏறும்போது ஏதாவது ஒரு வளைவுக்கு மேலே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். முதல் கியரில் பின்னால் உருளாமல், கிளட்ச் கருகும் வாடை வராமல் வண்டி நகர வேண்டும். இறங்கும்போது, புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது, ஓட்டுநர் கால் பிரேக்கை எத்தனை முறை மிதிக்கிறார் என்று எண்ணுங்கள். பண்ணாரியில் இறங்கியதும் கீழே இறங்கிச் சக்கரங்களின் பக்கம் போய் மூச்சை இழுத்துப் பாருங்கள். பிரேக் கருகிய வாடை அடித்தால், ஒன்று வண்டியில் குறை, அல்லது ஓட்டுநரின் கியர் பழக்கத்தில் குறை. எது என்று அங்கேயே பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

வழியில் சத்தியமங்கலம் கடைவீதியில் நான்கு கடையில் நிறுத்தச் சொல்லவும் மறக்காதீர்கள். ஓட்டுநர் ஒருநாளைக்கு அறுபது முறை கேபினில் ஏறி இறங்குவார். படி எவ்வளவு உயரம், கைப்பிடி எங்கே, கதவு நெருக்கமான தெருவில் எவ்வளவு திறக்கிறது என்பதெல்லாம் விவரத்தாளில் இருக்காது. 2025 அக்டோபர் முதல் தயாரான வண்டிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம். நல்லதுதான், ஆனால் கடை வாசலில் ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிடும் பழக்கம் வந்தால் டீசலும் போகும், வடிகட்டியிலும் கரி சேரும். அதற்கு வீட்டிலேயே ஒரு விதி செய்துகொள்ளுங்கள். மாலையில் ஓட்டுநரிடம் தனியாகக் கேளுங்கள், விற்பனைப் பிரதிநிதி பக்கத்தில் இல்லாதபோது. டெமோவை ஒருநாள் தரமாட்டோம் என்று சொல்லும் ஷோரூமை விட்டு அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. புது வண்டி வந்ததும் பழைய 407-ஐக் கொடுத்துவிட்டு முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். அதற்கு அவர்கள் தரும் விலை உங்களுக்குப் பெரிதாக உதவாது. ஆனால் கடம்பூர் மலைக்கும், பவானி உள்தெருக்களுக்கும், மறந்துபோன இருபது பெட்டியை மறுநாள் காலையில் கொண்டு கொடுக்கவும், புது வண்டி சர்வீஸில் நிற்கும் நாளுக்கும் அந்தக் கிழவன் வேண்டும். அதற்கு ஒரு பேட்டரியும் இரண்டு முன் டயரும் வாங்கிப் போடுங்கள். எஃப்.சி. எப்போது முடிகிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். இரண்டு வண்டிக்கும் ஒரே மாதத்தில் வரக் கூடாது.